ஆசிரியர் குழுவில் சேர்ந்தாச்சு, அப்புறம்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டால் ஆசிரியர் தனி ஆள்தான். பக்கத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்பது சுவரைத் தாண்டி வரும் சத்தத்தில் தெரிவதோடு சரி. நாம் நடத்துகிற அதே பாடத்தை எங்கோ ஒருவர் நடத்துகிறார், அவருக்கும் இதே இடத்தில்தான் இடிக்கிறது என்று காட்டியதுதான் இணையக் குழுக்கள் நமக்குச் செய்த பெரிய உதவி. அதனால்தான் அவை வெறும் ஃபார்வர்டு குவியலாகும்போது மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

பெரும்பாலான குழுக்களில் நடப்பது கோப்பு பரிமாற்றம்தான். "வினாத்தாள் இருந்தா போடுங்க", "பாடக்குறிப்பு பிடிஎஃப் வேணும்", உடனே இருபது கோப்புகள், எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்கிறோம், ஒன்றைக்கூட முழுதாகத் திறந்து பார்ப்பதில்லை. அடுத்தவர் பாடக்குறிப்பில் அவர் என்ன செய்தார் என்பது இருக்கும். ஏன் அந்த வரிசையில் செய்தார், எந்த இடத்தில் பிள்ளைகள் முழித்தார்கள் என்பது இருக்காது. கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

கேட்கிற விதத்திலும் கோட்டை விடுகிறோம். "பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" என்று போட்டால் நாலு கைகூப்பும் இமோஜியும் ஒரு யூடியூப் இணைப்பும் வரும், அவ்வளவுதான். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுகிறார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். காகிதம் மடித்துக் காட்டினேன். மடிக்கும்போது சரியாகச் சொல்கிறார்கள், நோட்டில் பழையபடி 2/5." இதற்குப் பதில் சொல்ல வருகிறவருக்குப் பிடி கிடைத்துவிடுகிறது. "2/5 பாதியை விடப் பெரியதா சின்னதா என்று கேளுங்கள், பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிக் குறைந்தது என்று அவர்களையே யோசிக்க விடுங்கள்" என்று யாராவது எழுதுவார். நாளைக் காலையே வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய பதில் அது.

அந்தக் கேள்வியைப் புதிதாகப் பணிக்கு வந்தவர் கேட்டு, மூத்தவர் ஒருவர் "இதுகூடத் தெரியாமலா வகுப்புக்குப் போறீங்க?" என்றால், வாயை மூடிக்கொள்வது அவர் மட்டுமல்ல, படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும்தான். மேலதிகாரி உள்ளே இருக்கும் குழுவிலும் இதே கதை. சுற்றறிக்கைக்கு ஒரு குழு இருக்கட்டும், தெரியாததைக் கேட்க வேறொரு குழு வேண்டும். ஆனால் பேசாமல் படித்துக்கொண்டிருப்பதையே குற்றமாக்கி "எல்லாரும் பங்கெடுங்க" என்று விரட்டவும் வேண்டாம். எந்தத் தொழிலிலும் புதியவர்கள் ஓரத்தில் நின்று பார்த்து, சின்னச் சின்ன வேலை செய்துதான் உள்ளே வருகிறார்கள் என்று கற்றலை ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991-லேயே எழுதினார்கள். நமக்கும் அது பொருந்தும்.

சரிபார்க்காமல் அனுப்புவது இன்னொன்று. "படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20 சதவீதம், செய்ததில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்" என்ற கூம்புப் படம் உங்கள் குழுவுக்கும் வந்திருக்கும். அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் அனுபவக் கூம்பை வரைந்தபோது அதில் ஒரு சதவீதக் கணக்குகூட இல்லை, எண்கள் பின்னால் ஒட்டப்பட்டவை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தச் சொல்வதும் அப்படித்தான். 2008-ல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிவிட்டு, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். எதையும் சரிபார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்பதைப் பிள்ளைகள் நம்மிடம்தான் கற்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே வலிக்கிற தவறு ஒன்று உண்டு. பிள்ளையின் விடைத்தாளைப் படம் எடுத்து, மேலே பெயரும் வரிசை எண்ணும் தெரிய, சிரிக்கும் இமோஜியோடு போடுவது. நம் குழுவுக்குள்தானே என்று தோன்றும். ஒருமுறை தட்டினால் அது இன்னொரு குழுவுக்குப் போகும், அங்கிருந்து அந்தப் பிள்ளையின் கைக்கே வந்து சேரவும் வழியிருக்கிறது. தவறைப் பற்றிப் பேச வேண்டுமா, ஒரு வெள்ளைத்தாளில் நம் கையெழுத்தில் எழுதிப் போட்டால் போதும், பேச்சுக்கு ஒரு குறையும் வராது.

அடுத்தவர் உருவாக்கிய பயிற்சித்தாளில் அவர் பெயரை வெட்டிவிட்டுப் பகிர்வதும் இரவு பதினோரு மணிக்கு "அவசரம்" என்று போடுவதும் வேண்டாம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

கடைசியாக, பதில் கிடைத்ததும் காணாமல் போவது. நன்றி சொல்லிவிட்டுப் போகிறோம், அது வகுப்பில் எடுபட்டதா என்று யாருக்குமே தெரிவதில்லை. இரண்டு வாரம் கழித்தாவது வந்து எழுதுங்கள், எடுபடவில்லை என்றால் கட்டாயம் எழுதுங்கள். 2/5 பாதியை விடச் சின்னது என்பதே தெரியாத பிள்ளைகளிடம் அந்தக் கேள்வி ஒன்றும் செய்யாது, முதலில் பின்னங்களை ஒப்பிடுவதில் இருந்து தொடங்க வேண்டும். யோசனை சொன்னவருக்கே அது அன்றுதான் தெரியவரும்.