ஒற்றைத் திறமையை நம்பிக் கூடைப்பந்து ஆட வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு மாலை, பயிற்சி முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிய பிறகும் ஒரு பையன் மட்டும் மைதானத்தின் இடது மூலையை விட்டு நகரவில்லை. 17 வயது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே கால் பதித்து, நண்பன் எடுத்துப் போட்ட பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக எறிந்துகொண்டிருந்தான். பத்தில் எட்டு உள்ளே விழுந்தன. வளையத்தில் படவே இல்லை, வலை மட்டும் அசைந்தது. பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், கைல் கோர்வர் இது ஒன்றை வைத்துத்தானே என்பிஏவில் 17 சீசன் ஆடினார்? எனக்கும் இது போதாதா?"

அவன் வயதில் நானும் என் பயிற்சியாளரிடம் இதையேதான் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே உட்காரவைத்து விளக்கியிருந்தால் எனக்குச் சில ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்கு வா, நன்றாகத் தூங்கு, தண்ணீர் குடி என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

கேள்விக்கு நேரான பதில்: காப்பாற்றும். ஒரே திறமை ஒருவரைப் பல ஆண்டுகள் தொழில்முறை ஆட்டத்தில் நிறுத்திவைக்கும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 30 அணிகள். அணிக்கு 15 நிலையான இடங்கள். அந்த 450 இடங்களில், ஒரு வேலையை மட்டும் உலகத்தரத்தில் செய்து சம்பளம் வாங்குகிறவர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் நம் பிள்ளைகள் அவர்களைப் பாதிதான் பார்க்கிறார்கள்.

"நன்றாக எறிகிறேன்" என்பதைத் தனித்திறமை என்று எண்ணுவது

என்பிஏ அணிகள் ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், 2003இல் 51ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் கோர்வர். எடுத்த நியூ ஜெர்சி நெட்ஸ் அணி உடனே அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றுவிட்டது. வந்த பணத்தில் ஒரு நகல் எடுக்கும் இயந்திரமும் வாங்கியது. அப்படி வந்தவர், 2009-10 சீசனில் யூட்டா அணிக்காக மூன்று புள்ளி ஷாட்டுகளில் 53.6 சதவீதத்தை உள்ளே போட்டார். இரண்டு எறிந்தால் ஒன்றுக்கு மேல்! ஒரு சீசனில் அதைவிட உயர்ந்த சதவீதம் என்பிஏவில் இல்லை. ஸ்டீவ் கெர் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் 45.4 சதவீதம் போட்டார், அதுவும் சாதனைதான். டெனிஸ் ராட்மன் தொடர்ந்து ஏழு சீசன்கள் ரீபவுண்டில், அதாவது உள்ளே விழாமல் துள்ளும் பந்தைப் பிடிப்பதில், முதலிடம் பிடித்தார். 6 அடி 7 அங்குலக்காரர், தன்னைவிட அரையடி உயர்ந்தவர்களுக்கு நடுவில்.

தனித்திறமை என்றால் இந்த அளவு. மாவட்டப் போட்டியில் முதல் மூன்று பேரில் ஒருவராக இருப்பதை அந்தப் பெயரால் அழைக்காதீர்கள்.

திறமையின் கடைசி நொடியை மட்டும் பழகுவது

பந்து கையை விட்டுப் போகும் நொடி எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதற்கு முந்தைய ஐந்து நொடிகளை யாரும் பார்ப்பதில்லை. ரெஜி மில்லர் 18 சீசன்களில் 2,560 மூன்று புள்ளி ஷாட்டுகள் போட்டார் என்பது தெரியும். ஒவ்வொன்றுக்காகவும் மைதானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, சக ஆட்டக்காரர்கள் எதிராளியை மறித்து நின்று போட்ட ஸ்கிரீன்களில் உரசிக்கொண்டு ஓடினாரே, அந்த ஓட்டத்தை யார் பழகுகிறார்கள்?

ராட்மன் பின்னிரவில் நண்பர்களை மைதானத்துக்கு அழைத்துப்போய், பல கோணங்களிலிருந்து எறியச் சொல்லி, பந்து வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். எந்த ஆட்டக்காரர் எறிந்தால் பந்து எப்படிச் சுழன்று வரும் என்பதுவரை மனத்தில் வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது குதிக்கும் திறமை. உண்மையில் அவர் பந்து விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றார்.

மூலையில் நின்றபடி நூறு பந்து எறிவது பயிற்சியின் தொடக்கம் மட்டும்தான்.

"நான் ஷூட்டர், டிஃபென்ஸ் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்"

இந்தத் தவறுக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். இதை யார் வாயிலிருந்து கேட்டாலும் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இது என் வாயிலிருந்து வந்த வாக்கியம்.

கல்லூரி இறுதியாண்டு. கோடையில் மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த ஒரு போட்டி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரும் ஒரு துறையின் அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியில் ஐந்து மூன்று புள்ளிகள் போட்டேன். கூட்டம் என் எண்ணைச் சொல்லிக் கத்தியது. இடைவேளையில் வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் எதிரணிப் பயிற்சியாளர் கையை உயர்த்தி என்னைக் காட்டினார். அதன்பிறகு நடந்ததை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். எதிரணியில் நான் யாரைக் காத்துக்கொண்டிருந்தேனோ, அதாவது தடுக்க வேண்டியிருந்ததோ, அவன் ஓடிப்போய் அவர்களுடைய சிறந்த ஆட்டக்காரனுக்கு ஸ்கிரீன் போடுவான். எங்கள் ஆள் அதில் மாட்டிக்கொள்வான். அந்தச் சிறந்த ஆட்டக்காரன் இப்போது என் முன்னால் நிற்பான். நான் இடுப்பைத் தாழ்த்தாமல், நேராக நிமிர்ந்து நிற்பேன். பந்தை ஒரே முறை தரையில் தட்டி, என் இடது தோளைத் தாண்டிப் போய்க் கூடைக்கு அருகிலிருந்து எளிதாக உள்ளே போடுவான். அடுத்த முறையும் அதே ஆட்டம், அதற்கடுத்த முறையும். தொடர்ந்து ஆறு முறை. என் உதவிக்கு நடுவிலிருந்து ஒருவன் வந்தால், அவன் விட்டுவந்த ஆளுக்குப் பந்து போகும். ஏழாவது முறைக்கு முன் பயிற்சியாளர் என்னை வெளியே அழைத்துவிட்டார். மீதி நேரம் தண்ணீர்க் கேன் பக்கத்தில் உட்கார்ந்து, தோற்பதைப் பார்த்தேன்.

ஆள் எடுக்க வந்தவர்களில் ஒருவர் போகும்போது என்னிடம் சொன்னார்: "தம்பி, கை இருக்கிறது. கால் இல்லை." அந்த இடம் எங்கள் அணியிலேயே இன்னொருவனுக்குப் போனது. என்னில் பாதிகூட எறியத் தெரியாதவன். ஆனால் அவனைத் தாண்டி ஒருவரும் சுலபமாகப் போனதில்லை. அவனுக்குக் கிடைத்தது மாதச் சம்பளமும் 15 ஆண்டு ஆட்டமும்.

இது சின்ன மைதானங்களின் கதை மட்டும் இல்லை. என்பிஏவில் பிளே-ஆஃப், அதாவது பட்டத்துக்கான கடைசிக்கட்டத் தொடர்கள், தொடங்கிவிட்டால், பயிற்சியாளர்கள் முதலில் தேடுவது எதிரணியின் ஓட்டையைத்தான். 2016 இறுதித் தொடரில் கிளீவ்லாந்து அணி, ஸ்டீஃபன் கரி காக்கும் ஆளைத் திரும்பத் திரும்ப ஸ்கிரீனுக்கு அழைத்து, அவரையே குறிவைத்தது. அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே அந்த நிலை. கரி தாக்குப்பிடிப்பார், அவர் போடும் புள்ளிகள் அந்த நஷ்டத்தை ஈடுகட்டும். உங்கள் ஐந்து மூன்று புள்ளிகள் ஈடுகட்டுமா?

ஜிம்மர் ஃபிரெடெட் நினைவிருக்கிறதா? அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 2010-11 சீசனில் சராசரி 28.9 புள்ளிகள், நாட்டிலேயே முதலிடம். 2011 தேர்வில் 10ஆவது ஆள். என்பிஏவுக்கு வந்தபிறகும் அவருடைய எறிதல் கெட்டுப்போகவில்லை. மூன்று புள்ளியில் ஏறத்தாழ 37 சதவீதம் போட்டார். அது நல்ல எண்தான். ஆனால் தன் முன்னால் நிற்பவரைத் தடுக்க முடியவில்லை, கல்லூரியில் கிடைத்ததுபோல் பந்து எப்போதும் கையில் இருக்கவும் இல்லை. சில சீசன்களில் அணி மாறி அணி மாறி, கடைசியில் சீனாவுக்குப் போனார். அங்கே ஷாங்காய் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் குவித்தார். அதே கை, அதே எறிதல். அங்கே அது போதுமானதாக இருந்தது.

இதே ஓட்டை மறுபக்கத்திலும் உண்டு. டிஃபென்ஸ் மட்டும் தெரிந்தவர்களும் தப்பவில்லை. மெம்ஃபிஸ் அணியின் டோனி ஆலன் தன் காலத்தின் தலைசிறந்த காவல்காரர்களில் ஒருவர். 2015 பிளே-ஆஃபில் மெம்ஃபிஸ் 2-1 என முன்னிலை பெற்றிருந்தபோது, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஒரு காரியம் செய்தது. ஆலனைக் காக்கும் பொறுப்பைத் கூடைக்கு அருகில் ஆடும் தன் உயரமான சென்டர் ஆண்ட்ரூ போகட்டிடம் கொடுத்தது. போகட் ஆலன் பக்கமே போகவில்லை. கூடைக்கு அடியில் நின்றுகொண்டார். வெளியே ஆலன் தனியாக நின்றார். அவர் எறிந்தால் எறியட்டும் என்று விட்டுவிட்டார்கள். மெம்ஃபிஸின் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் கூடைக்கு அருகில்தான் புள்ளி எடுப்பார்கள். அங்கே இப்போது ஒரு ஆள் கூடுதலாக நின்றான். ஐந்து பேர் ஆட்டம் நான்கு பேர் ஆட்டமானது. வாரியர்ஸ் அடுத்த மூன்றையும் வென்று தொடரை 4-2 என முடித்தது.

இப்போது புரூஸ் போவெனைப் பாருங்கள். தேர்வில் அவரை யாரும் எடுக்கவில்லை. ஃபிரான்ஸில் ஆடினார், சிறு லீக்குகளில் ஆடினார். அவரும் காவல்காரர்தான். ஆனால் தன்னை இப்படித்தான் விட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று புள்ளிக் கோடு மைதானத்தின் நடுவில் 7.24 மீட்டர், மூலையில் 6.7 மீட்டர்தான். அந்த அரை மீட்டர்ச் சலுகையை எடுத்துக்கொண்டு, மூலையிலிருந்து எறியும் ஒரே ஒரு ஷாட்டைக் கற்றார். 2002-03 சீசனில் மூன்று புள்ளிச் சதவீதத்தில் லீக்கிலேயே முதலிடம்: 44.1. அதே சீசனில், யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோவில் அவர் போட்டது 40.4 சதவீதம்! ஒரு மனிதன் தன் ஓட்டையை அடைக்க எதைக் கற்க வேண்டுமோ அதை மட்டும் கற்றான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சான் அன்டோனியோ அணியோடு மூன்று சாம்பியன் பட்டங்கள் வென்றார்.

ஜே.ஜே. ரெடிக் எதிர்த்திசையில் அதையே செய்தார். ட்யூக் பல்கலைக்கழகத்தின் பெரிய ஷூட்டர். 2006இல் 11ஆவது ஆளாக ஆர்லாண்டோவுக்கு வந்தவர், முதல் இரண்டு சீசன்களில் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கால்களைச் சரிசெய்தார். 2009 பிளே-ஆஃபில் பாஸ்டனின் ரே ஆலனைத் துரத்திக் காக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. மொத்தம் 15 சீசன்கள் ஆடினார்.

ஆகவே நான் ஷூட்டர்களிடம் கேட்பது சிறந்த டிஃபென்ஸ் அல்ல. ஓட்டையாக இருக்காதீர்கள், அவ்வளவுதான். இடுப்பைத் தாழ்த்துங்கள். ஸ்கிரீன் வருகிறது என்று பின்னால் இருப்பவன் கத்த வேண்டும். நீங்கள் பின்னால் இருந்தால் நீங்கள் கத்துங்கள். தோற்றாலும் எதிராளியை உதவி இருக்கும் பக்கமாகத் தள்ளித் தோற்றுப்போங்கள். அந்தப் பையனை இப்போது மூன்று முறை பின்பக்கமாகச் சறுக்கி ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதுதான் மூலையில் எறிய விடுகிறேன். பத்தில் எட்டு, பத்தில் நாலாக இறங்கியிருக்கிறது. அந்த நாலுதான் அவனுடைய உண்மையான எண்.

உயரத்தைத் திறமை என்று எண்ணுவது

மனூட் போல் 7 அடி 7 அங்குலம். எடுத்த புள்ளிகளைவிடத் தடுத்த ஷாட்டுகள் அதிகம் என்ற அபூர்வக் கணக்கோடு ஓய்வுபெற்றவர். முதல் சீசனிலேயே 397 பிளாக். அதைச் செய்தது உயரமும், கையை எப்போது நீட்ட வேண்டும் என்ற கணிப்பும். உயரம் மட்டும் கதவைத் திறக்கும். பஞ்சாபின் சத்னாம் சிங் 2015இல் 52ஆவது ஆளாகத் தேர்வானபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஆனால் என்பிஏ சீசன் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

ஃப்ரீ த்ரோவைக் கைவிடுவது

2017இல் ஹூஸ்டன் அணி, எதிரணியின் ஆண்ட்ரே ராபர்சனுக்கு ஃப்ரீ த்ரோ வராது என்று தெரிந்து, வேண்டுமென்றே அவரை ஃபவுல் செய்தது. அந்தத் தொடரில் அவர் 21 எறிந்து 3 போட்டார். தினமும் ஐம்பது எறியுங்கள்.

ஆட்டம் இப்படியே இருக்கும் என்று நம்புவது

இந்தியானாவின் ராய் ஹிபர்ட், கைகளை நேராக மேலே உயர்த்தி ஃபவுல் ஆகாமல் குதித்துத் தடுக்கும் கலையில் கெட்டிக்காரர். 2014இல் ஆல்-ஸ்டார், அதாவது லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர். மூன்றே ஆண்டுகளில் லீக்கில் அவருக்கு இடம் இல்லை. அவர் மோசமாகிவிட்டதைவிட, எதிரணிகளின் சென்டர்கள் வெளியே போய் மூன்று புள்ளி எறியத் தொடங்கியதுதான் பெரிய காரணம். கூடைக்கு அடியில் நிற்கும் காவலாளியை வெளியே இழுத்துவிட்டால் அவரது கலைக்கு வேலையில்லை. உங்கள் திறமை எந்த வகை ஆட்டத்தை நம்பி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது யோசியுங்கள்.

காயத்தை மறைத்து ஆடுவது

வேண்டாம்.

பழைய பட்டத்தை விடாமல் பிடித்திருப்பது

பி.ஜே. டக்கர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் புள்ளி குவித்தவர், 2006இல் தன் பிரிவின் சிறந்த ஆட்டக்காரர். டொரான்டோ அவரை ஒரே சீசனில் வெளியேற்றியது. இஸ்ரேல், உக்ரைன், ஜெர்மனி என்று ஐந்தாண்டுகள் வெளிநாட்டில் ஆடினார். 2012இல் ஃபீனிக்ஸுக்குத் திரும்பியபோது புள்ளி குவிக்கும் ஆளாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. எதிரணியின் மிகக் கடினமான ஆளைக் காப்பதையும், மூலையில் பொறுமையாக நின்று வரும் பந்தை எறிவதையும் வேலையாக ஏற்றுக்கொண்டார். 2021இல், 36 வயதில், மில்வாக்கி அணியோடு சாம்பியன் ஆனார்.