நின்ற இடத்திலிருந்தே அடிக்கும் ரோபோ: புதிய அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்.ஆர்.சி (பள்ளி மாணவர் அணிகள் ஆண்டுதோறும் ஒரு புதிய ஆட்டத்துக்கு ரோபோ செய்து மோதும் போட்டி) சீசன் தொடங்கி அந்த ஆண்டின் விதிப்புத்தகம் கையில் வந்ததுமே, புதிய அணிகளில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "நாம ஏன் ஓடணும்? ஃபீடர் பக்கத்துல நின்னுக்கிட்டே எறிஞ்சா போதாதா?" ஃபீடர் என்பது அணி உறுப்பினர் ஒருவர், அதாவது மனித வீரர், ஆட்டப் பொருளைச் சரிவில் விட்டு ரோபோவுக்குக் கொடுக்கும் இடம். நல்ல கேள்விதான். சில ஆட்டங்களுக்கு அதுவே சரியான விடை. ஆனால் அந்த விடைக்குப் போகும் வழியில் ஆண்டுதோறும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். நட்டை இறுக்காமல் விடுவது, சார்ஜ் ஏறாத பேட்டரியை மாட்டுவது போன்றவை எல்லா ரோபோவுக்கும் பொது. அவற்றை விட்டுவிட்டு, நிலையாக நின்று ஆடும் ரோபோவுக்கே உரிய தவறுகளை மட்டும் பார்ப்போம்.

நகர வேண்டாம் என்று சேஸிஸை (சக்கரமுள்ள அடிப்பாகத்தை) கைவிடுவது

எஃப்.ஆர்.சி விதிப்புத்தகம் ரோபோவை வரையறுக்கும்போதே மின்சாரம், தொடர்பு, கட்டுப்பாடு, பம்பர் (சுற்றிலும் இடி தாங்கும் மெத்தை) ஆகியவற்றோடு ஃபீல்டில் நகரும் திறனையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே நிலையான ரோபோ என்றால் நகராத ரோபோ அல்ல. வேகமாகப் போய், அசையாமல் நின்று, கடைசியில் கிளம்பி வரும் ரோபோ.

நகர்வதற்கே புள்ளியும் உண்டு. மேட்சின் தொடக்கத்தில் ரோபோ தானாகவே ஓடும் தன்னியக்கப் பகுதியில் தொடக்க இடத்தை விட்டு வெளியேறினால் 2024இல் 2 புள்ளி, 2025இல் 3 புள்ளி. 2025இல் அலையன்ஸின் (ஒரே பக்கம் ஆடும் மூன்று அணிகளின்) மூன்று ரோபோக்களும் வெளியேறி, ஒரு கோரலாவது (அந்த ஆண்டின் ஆட்டப் பொருள்) போட்டால்தான் ஆட்டோ ரேங்கிங் பாயிண்ட், அதாவது தரவரிசைக்கான கூடுதல் புள்ளி. ஒருவர் நின்றுவிட்டால் மூவருக்கும் போயிற்று. சேஸிஸில் மிச்சம் பிடிக்கும் எடை ஷூட்டருக்கு (எறியும் பொறிக்கு) உதவும் என்பார்கள். அந்த எடை கீழே இருப்பதுதான் நல்லது, ரோபோ கவிழாமல் இருக்கும்.

எறியும் வேகத்தை எண்ணி, உள்ளே வரும் பொருளை எண்ணாமல் விடுவது

மிக அதிக விலை கேட்கும் தவறு இதுதான். இன்றும் எரிச்சலூட்டுவதும் இதுதான். ஐந்து நிமிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டிருந்தால் ஆறு வார உழைப்பு வீணாகியிருக்காது.

கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது: "எங்க ஷூட்டர் விநாடிக்கு ஒண்ணு எறியும். ஓட்டுநர் பகுதி 135 விநாடி. அப்ப 135 எறி." இந்த எண்ணைப் பலகையில் எழுதியதும் மற்ற எல்லா யோசனையும் நின்றுவிடுகிறது.

இப்போது உண்மையான கணக்கைப் பார்ப்போம். இடத்துக்குப் போக 8 விநாடி. குறி சரிபார்க்க 4 விநாடி. மேட்ச் முடிவில் செய்ய வேண்டிய இறுதிப் பணிக்குக் கிளம்ப 20 விநாடி. மிச்சம் 103. மனித வீரர் ஒரு பொருளை எடுத்து, சரிவில் விட்டு, அது ரோபோவுக்குள் உருண்டு அடங்க 3 விநாடி ஆகிறது என்றால் மொத்தம் 34 பொருள்தான் உள்ளே வரும். தூரத்திலிருந்து 70 சதவீதம் விழுந்தால் கிடைப்பது 24.

ஓடி ஆடும் சாதாரண ரோபோ ஒரு நடைக்கு 4 பொருள் ஏற்றி, 12 விநாடியில் போய்த் திரும்பினால், இறுதிப் பணிக்கான 20 போக மிச்சமுள்ள 115 விநாடியில் 9 நடை, 36 பொருள். கிட்டப்போய் அடிப்பதால் 90 சதவீதம் விழும். ஏறக்குறைய 32. நின்று அடிப்பவர் ஓடுபவரிடம் தோற்கிறார், அதுவும் யாரும் தடுக்காதபோதே.

"சரிவை மாத்தி, ஊட்டுற நேரத்தை ஒன்றரை விநாடியாக் குறைச்சுடலாம்" என்று அடுத்து சொல்வார்கள். குறைத்தால் 68 பொருள் வரும், 48 விழும், ஜெயித்துவிடலாம். ஆனால் ஃபீடருக்குப் பின்னால் 40 பொருள்தான் இருக்கிறது என்றால்? 40இல் 70 சதவீதம் 28. அதற்கு மேல் எந்த மோட்டாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தவறிய 12 பொருளும் ஃபீல்டின் மறுமுனையில் கிடக்கும். ஓடும் ரோபோ அவற்றைத் தரையிலிருந்து எடுத்துக்கொள்ளும். நிற்கும் ரோபோவுக்கு அவை போனது போனதுதான், எதிரணியின் கைக்கும் போகலாம். அலையன்ஸில் மற்ற இருவரும் அதே இருப்பிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அடித்த பொருள் மறுபடி ஆட்டத்துக்குத் திரும்புகிறதா என்பது. 2010 பிரேக்கவே ஆட்டத்தில் திரும்பியது. மொத்தம் 12 கால்பந்து. கோலில் விழுந்ததை மனித வீரர்கள் எடுத்து மேலேயுள்ள பாதையில் விட்டால், அது ஃபீல்டின் நடுப்பகுதியில் வந்து விழும். மிச்சிகனின் 469ஆம் அணி அந்தப் பந்து விழும் இடத்துக்குக் கீழே ரோபோவை நிறுத்தி, விழுகிற பந்தை அப்படியே கோலை நோக்கித் திருப்பிவிட்டது. கோலில் விழுந்த பந்தே சுற்றி வந்து மறுபடி அதே ரோபோவின் தலையில் விழும். உலகப் போட்டியின் இறுதிச்சுற்று வரை போன அலையன்ஸில் அந்த ரோபோ இருந்தது. அது வெறுமனே வேகமான இயந்திரம் என்பதால் அங்கே போகவில்லை. வரத்து நிற்காத இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நின்றது. அந்த ரோபோவைப் பார்த்து, இருப்பு தீர்ந்துபோகும் ஆட்டத்துக்கும் அதே உத்தியைப் பிடிப்பதுதான் நெஞ்சு பொறுக்காத தவறு.

சோதனை எளிது. சிஏடி (கணினியில் வரையும் மென்பொருள்) திறக்கும் முன்பே ஒட்டுப்பலகையில் ஃபீடரின் சரிவை அதே உயரம், அதே சாய்வில் செய்யுங்கள். கீழே அட்டைப்பெட்டி ஒன்று, அதுதான் ரோபோ. மனித வீரராக நிற்கப்போகிறவரே 30 பொருளை விடட்டும், ஒருவர் நேரம் பார்க்கட்டும். சராசரியை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை துள்ளி வெளியே போயின, எத்தனை ஒன்றோடொன்று சிக்கின என்பதையும் எழுதுங்கள். இரண்டு பொருள் வாயில் ஒன்றாக வந்து சிக்கினால் அதை விடுவிக்க 10 விநாடி போகும். நிற்கும் ரோபோவுக்கு அது மூன்று எறி இழப்பு.

தடுப்பவர் வருவார் என்பதை மறப்பது

2013 அல்டிமேட் அசென்ட் ஆட்டத்தில் ஃபீடர் பக்கத்தில் நின்று, 54 அடி ஃபீல்டின் மறுமுனைக்கு வட்டு எறியும் ரோபோக்கள் பல வந்தன. சீசன் போகப் போக, உயரமான தடுப்பைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நிற்கும் ரோபோக்களும் வந்தன. நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று இரண்டு மேட்சிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எறியும் வாய் 0.9 மீட்டர் உயரத்தில், தடுப்பு 1 மீட்டர் தள்ளி 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஏறக்குறைய 17 பாகைக்கு மேல் எறிந்தால்தான் தாண்டும். பொருளின் பருமனையும் சேர்த்தால் 25 வேண்டும். கோணத்தை மாற்ற முடியாத ஷூட்டர் அங்கேயே முடிந்துபோகும். குறைந்தது இரண்டு கோணம், அடிக்கக்கூடிய இரண்டாவது இடம் ஒன்று, இவை இரண்டையும் முதல் வரைபடத்திலேயே வையுங்கள். எதிரணி தொட்டால் அபராதம் விழும் பகுதி இருந்தால், பம்பரின் ஒரு பாகம் உள்ளே இருந்தால் போதுமா, முழு ரோபோவும் இருக்க வேண்டுமா என்று அந்த ஆண்டின் விதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்.

இடித்தால் திரும்பிவிடும் சேஸிஸ்

54 அடி என்பது சுமார் 16.5 மீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு பாகை விலகினால் குறி 29 செ.மீ. தள்ளிப்போகும். பக்கவாட்டில் லேசாக இடித்தாலே இரண்டு பாகை திரும்பும். நான்கு மூலையிலும் ஆம்னி சக்கரம் (பக்கவாட்டிலும் உருளும் சக்கரம்) போட்டால் தள்ளுவதற்குக் கைப்பிடி வைத்துக் கொடுத்த மாதிரி. ஸ்வெர்வ் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் திரும்பும் அமைப்பு) என்றால் நின்றதும் நான்கு சக்கரத்தையும் பெருக்கல் குறி வடிவில் பூட்டுங்கள். டேங்க் (இடப்பக்கச் சக்கரங்களும் வலப்பக்கச் சக்கரங்களும் தனித்தனியாக ஓடும் அமைப்பு) என்றால் பிடிப்புள்ள சக்கரம், மோட்டாரில் பிரேக் மோட். அதோடு ஷூட்டர் மட்டும் தனியாக இடவலமாக 15 பாகை திரும்பி, ஏப்ரல்டேகை (ஃபீல்டில் ஒட்டியிருக்கும், கேமராவுக்கான கறுப்பு வெள்ளைக் குறியை) பார்த்துக் குறியைத் திருத்திக்கொள்ளட்டும். முழு ரோபோவையும் திருப்பிக் குறி பார்ப்பது, ஒருவர் இடித்துக்கொண்டிருக்கும்போது நடக்காது.

ஃப்ளைவீலை (பொருளை எறியும் சுழல் சக்கரத்தை) மோட்டார் சக்தியின் சதவீதத்தில் ஓட்டுவது

என்கோடர் (சுழற்சியை அளக்கும் உணரி) வைத்து ஆர்.பி.எம்மைக் கட்டுப்படுத்துங்கள். சதவீதத்தில் ஓட்டினால் பேட்டரி இறங்க இறங்க எறியும் தூரமும் குறையும்.

ஒரே ஃபீடருக்கு இரண்டு ரோபோ

தகுதிச் சுற்றில் கூட்டாளி யார் என்பது உங்கள் கையில் இல்லை. அவரும் அதே ஃபீடருக்கு வரலாம். ஆகவே தரையிலிருந்து ஒரு பொருளாவது எடுக்கும் இன்டேக் (பொருளை உள்ளே இழுக்கும் பொறி) இருக்கட்டும்.

இடம் பிடிப்பதைப் பயிற்சி செய்யாமல் விடுவது

ஷூட்டரை நாள் முழுக்கச் சோதிப்பார்கள், வந்து நிற்பதை ஒருமுறைகூடச் சோதிக்க மாட்டார்கள். ஃபீல்டின் நடுவிலிருந்து கிளம்பி, ஃபீடர் வாயில் சரியாக ஒட்டி, முதல் பொருளை எறியும் வரை நேரம் எடுங்கள், 20 தடவை. பம்பர் சுவரில் முட்டும்போது ரோபோவின் வாய் சரிவுக்கு நேராக வருமா என்று பாருங்கள், ஏனென்றால் சட்டகத்தோடு பம்பரின் பருமனையும் கணக்கில் சேர்க்க மறந்த அணிகளுக்கு இந்த இடத்தில்தான் பொருள் வாய்க்கும் சுவருக்கும் இடையில் விழும். சட்டகத்தின் இரு பக்கமும் சுவரில் தானாகப் பொருந்தும் வழிகாட்டித் தகடு வைத்தால் அந்த 8 விநாடி 5 ஆகும். மிச்சமாகும் 3 விநாடியில் இன்னும் ஒரு பொருள்.