புகைபிடிக்கும் பைப் செய்ய எந்த துளை பிட் வாங்கலாம்?

செங்கோட்டையில் என் கடைசல் பட்டறைக்குப் புனலூர் பக்கத்திலிருந்தும் ஆள் வந்து கேட்பதால் எழுதுகிறேன்.

மூன்று துளை, மூன்று பிட். புகையிலைக் குழிக்கு 19 மி.மீ., ஆசாரி கணக்கில் 6 நூல். வாய்க்குழாய் செருக 8, புகை வர 4.

குழிக்கான பிட்டில்தான் கவனம் வேண்டும். சாதாரண ஸ்பேட் பிட் (தட்டை அலகுள்ள மர பிட்) ஒன்றை வாங்கி, நடுமுனையை எடுத்துவிட்டு, முட்டையின் கூர்ப்பக்கம் போல இரண்டு ஓரத்தையும் ஒரே வளைவாக கிரைண்டரில் தீட்டுங்கள், அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுங்கள், நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். வெட்டும் ஓரத்துக்குப் பின்னால் லேசான சரிவு கட்டாயம், இல்லையென்றால் மரத்தை வெட்டாமல் தேய்த்துக் கருக்கிவிடும். லேத்தை மெதுவாக ஓட்டுங்கள்.

8 மி.மீ.க்கு நடுவில் கூர் உள்ள மர பிட் நல்லது, அடி கிட்டத்தட்ட தட்டையாக வரும். அது விடும் சின்னக் குழியிலேயே, மரத்தைக் கழற்றாமல், 4 மி.மீ. பிட்டை இறக்குங்கள். இது நீளமான எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டாக இருக்கட்டும். நீளம் என்பதால் மர ரேகையோடு வளைந்து ஓடப் பார்க்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். புகைவழி குழியின் அடி நடுவில் சரியாகத் திறக்க வேண்டும். மேலே திறந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கும்.

பைப்புக்கு வழக்கமான மரம் பிரையர், அது மத்தியதரைக் கடல் பக்கத்து வேர்க்கட்டை, விலை அதிகம். அதனால் முதலில் கொய்யாக் கட்டையில் கை பழகுங்கள்.