லண்டன் ஜாஸ் தொடர் வருகிறது: அதற்குள் காதைப் பழக்கிக்கொள்வது எப்படி?

பிபிசி டூவில் இந்த பிப்ரவரியில், அதாவது 2013 பிப்ரவரியில், ‘டான்சிங் ஆன் தி எட்ஜ்’ தொடங்குகிறது. 1930களின் தொடக்கத்து லண்டனில் பெரிய ஓட்டல்களில் வாசிக்கும் ஒரு கறுப்பினத்தவர் ஜாஸ் குழுவின் கதை. எழுதி இயக்குபவர் ஸ்டீபன் பொலியாகாஃப். குழுத் தலைவர் லூயி லெஸ்டராக சிவெட்டெல் எஜியோஃபோர் நடிக்கிறார். ஜாஸ் கலைஞர்களை நடுவில் வைத்து இவ்வளவு பெரிய சரித்திரத் தொடர் வருவது அபூர்வம். நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இதில் வரும் பாடல்கள் பழையவை அல்ல. அந்தக் காலத்துப் பாணியில் ஏட்ரியன் ஜான்ஸ்டன் புதிதாக அமைத்தவை. அதனால் பாட்டுகளை முன்கூட்டியே கேட்டு வைக்க வழியில்லை. பாணியைத்தான் பிடிக்க வேண்டும். ஜாஸே கேட்டதில்லை என்பவர்களுக்கும் சில மாலைகள் போதும்.

படி 1: இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள்

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் ட்யூக் எலிங்டனின் குழு 1932இல் பதிவு செய்த ‘இட் டோன்ட் மீன் எ திங்’ பாட்டை யூடியூபில் தேடி எடுங்கள். பாடுபவர் ஐவி ஆண்டர்சன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஆதி தாளம் போட்டுப் பழகிய கை முதல் அடியில்தான் விழப் பார்க்கும். அதை அடக்கி, இரண்டிலும் நான்கிலும் மட்டும் தட்டுங்கள். முதலில் தடுமாறும். பிடிபட்டதும் பாட்டு முன்னால் சாய்ந்து ஓடுவது போல இருக்கும். அது வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: ஒரு சுற்றை எண்ணுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தன் ஹாட் ஃபைவ் குழுவோடு 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’. மூன்றேகால் நிமிடம்தான், அன்றைய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். முதல் தடவை சும்மா கேளுங்கள். அப்புறம் எண்ணத் தொடங்குங்கள்.

ஆரம்பத்தில் ட்ரம்பெட் மட்டும் தனியாக ஏறி இறங்கும். அந்த இடத்தை எண்ண வேண்டாம், அது தாளத்துக்குக் கட்டுப்படாதது. எல்லாரும் சேர்ந்து மெட்டைத் தொடங்கியதும் நான்கு நான்காக எண்ணுங்கள். ஒரு நான்கு ஒரு பார். 12 பார், அதாவது 48 அடி முடிந்தால் ஒரு சுற்று. சுமார் அரை நிமிடம் ஆகும். அதே சுற்றுதான் மறுபடி மறுபடி வருகிறது, வாசிப்பவர்தான் மாறுகிறார். முதலில் ட்ரம்பெட், அடுத்து ட்ராம்போன் (குழாயை நீட்டி இழுத்து வாசிக்கும் பித்தளைக் கருவி). மூன்றாவதில் கிளாரினெட் ஏதோ கேட்க, ஆர்ம்ஸ்ட்ராங் வார்த்தையே இல்லாமல் குரலால் பதில் சொல்கிறார். நான்காவது ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. ஐந்தாவதில் ட்ரம்பெட் திரும்பி வந்து ஒரே ஸ்வரத்தை ஏறக்குறைய நான்கு பார் விடாமல் பிடித்து நிற்கிறது. எண்ணிக்கொண்டே கேளுங்கள்: பத்தாவது அடி தாண்டும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

எண்ணிக்கை தவறினால் பரவாயில்லை. அடுத்த கருவி நுழையும் இடத்தில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிக்கொள்ளுங்கள்.

இது எதற்கு என்றால், தொடரில் ஒருவர் எழுந்து நின்று வாசித்தால் அவர் கையில் இருப்பது பெரும்பாலும் இப்படி ஒரு சுற்றோ இரண்டோதான். தன்னைக் காட்ட அவருக்குள்ள நேரமே அவ்வளவுதான். ஓட்டல் நடனப் பாட்டுகளில் சுற்று பெரும்பாலும் 32 பாராக இருக்கும். எட்டு எட்டாக நான்கு துண்டு. மூன்றாவது மட்டும் வேறு மெட்டு.

படி 3: எந்தக் கருவி எங்கே?

எலிங்டனின் ‘மூட் இண்டிகோ’, 1930. தொடக்கத்தில் மூன்று கருவிகள் மெதுவாகச் சேர்ந்து ஒலிக்கும். மேலே ட்ரம்பெட், அதன் கீழே ட்ராம்போன், அடியில் கிளாரினெட். வழக்கமாகக் கிளாரினெட்தான் உச்சத்தில் இருக்கும். எலிங்டன் அதை அடியில் கொண்டுபோய் வைத்தார். போதாததற்கு ட்ரம்பெட், ட்ராம்போன் இரண்டின் வாயையும் மியூட் போட்டு அடைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக் கேட்டு மூன்றையும் பிரிக்கப் பாருங்கள். ஹெட்போன் அவசியம்.

படி 4: அந்த ஊரையும் காலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையை, அதாவது நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்த முறையை, கைவிட்டது. ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். அதே சமயம் மேஃபேர் ஓட்டலில் ஆம்ப்ரோஸின் குழு வாசிக்க, பணக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1932இல் ஆர்ம்ஸ்ட்ராங் லண்டன் பல்லேடியம் அரங்குக்கு வந்தார். அடுத்த ஆண்டு அதே மேடைக்கு எலிங்டன் வந்தார். பட்டத்து இளவரசரே ஜாஸ் ரசிகர். பத்திரிகை அதிபர் பீவர்புரூக் பிரபு கொடுத்த விருந்தில் எலிங்டன் குழுவோடு உட்கார்ந்து ட்ரம்ஸ் வாசித்தார். அந்தக் குழுவினரில் பலருக்கோ பெரிய ஓட்டல்களில் அறை கிடைக்கவில்லை. ப்ளூம்ஸ்பரி பக்கம் சிறு விடுதிகளில் தங்கினார்கள்.

மேடையில் கைதட்டல், வரவேற்பறையில் கதவடைப்பு. தொடரின் உயிர் இதில்தான் இருக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. பொலியாகாஃப் இதை மழுப்பாமல் காட்டினாலே பாதி வெற்றி.

இன்னும் ஒன்று. அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஜமைக்காவிலும் கிரெனடாவிலும் பிறந்தவர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள். அமெரிக்காவிலிருந்து வந்தவர் அந்நியர்; 1920ஆம் ஆண்டின் அந்நியர் ஆணைப்படி போலீசில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே மேடையில், ஒரே நிறத்தில் நிற்பவர்களுக்குள்ளும் இந்த வித்தியாசம் இருந்தது. குழுவில் யார் எங்கே பிறந்தவர் என்பதை முதல் பகுதியிலேயே கவனித்து வையுங்கள்.

படி 5: பார்க்கும்போது

குழுவின் பின்வரிசையைப் பாருங்கள். 1920களில் பேஞ்சோவும் (வட்ட முகத் தந்திக் கருவி) ட்யூபாவும் (பெரிய பித்தளை ஊதுகருவி) செய்த தாள வேலையை 1930களின் தொடக்கத்தில் கிட்டாரும் டபுள் பாஸும் எடுத்துக்கொண்டன. தயாரிப்பாளர்கள் எவ்வளவு அக்கறை எடுத்திருக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் பாடகிகள். அவர்களாக நடிக்கும் ஏஞ்சல் கோல்பி, உன்மி மொசாக்கு இருவரும் சொந்தக் குரலிலேயே பாடுகிறார்கள். அன்று மைக் புது வரவு. 1925க்குப் பிறகுதான் இசைத்தட்டுப் பதிவிலேயே மைக் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்க உரக்கப் பாடியவர்கள், காதருகே பேசுவது போலப் பாடக் கற்றுக்கொண்ட காலம் அது. இந்த இருவரும் மைக் முன்னால் எப்படி நிற்கிறார்கள், எந்த வரியை உரக்கப் பாடுகிறார்கள், எந்த வரியில் குரலைத் தாழ்த்துகிறார்கள்? முதல் பகுதியில் நான் அதிகம் எதிர்பார்த்திருப்பது அதைத்தான்.