பழைய ஜீப்பைத் துருவிலிருந்து காப்பதும் அதன் வேகத்தைக் கூட்டுவதும்

கரடுமுரடான பாதைகளில் உழைத்த பழைய ஜீப்புக்கு வேகம் கூட்ட நினைப்பவர் முதலில் அதன் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் துருவேறியிருந்தால், அதன் மேல் வலிமையான எஞ்சினை ஏற்றுவதில் பொருளில்லை. அடிப்பகுதியை நன்கு கழுவி, முழுமையாக உலர்ந்த பின், சிறு சுத்தியலால் சேஸிஸை நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடத்தில் இரும்பு மெலிந்திருக்கக்கூடும். அங்கே எந்தப் பூச்சும் உதவாது, வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பதே வழி.

உறுதியான பகுதிகளில் உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவினால், எஞ்சிய துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறும். அதன்மேல் எபாக்சி பிரைமரும் (பெயின்ட்டுக்கான அடிப்பூச்சு) பெயின்ட்டும் அடிக்கலாம். தடித்த தார்ப்பூச்சை நேரடியாகத் துருவின்மேல் அடிப்பது பலரும் செய்யும் தவறு: விரிசல் வழியே புகும் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளிருந்தே அரிக்கும். பெட்டி வடிவச் சட்டங்களின் உட்புறத்தில் நீண்ட குழாய் கொண்டு மெழுகைப் பீய்ச்சுங்கள், ஆனால் நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

இனி வேகம். காற்றின் எதிர்ப்பை வெல்ல, இரு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு திறன் தேவைப்படுவதால், தட்டையான முகப்புடைய வண்டியிடம் அதிகம் எதிர்பார்க்க இயலாது. எஞ்சின் வால்வுகளின் இடைவெளி, இக்னிஷன் டைமிங் (எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி எழும் நேரம்), விடாமல் உரசும் பிரேக், டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றைச் சீராக்கினாலே இழந்த வேகத்தில் பெரும்பகுதி திரும்பக்கூடும். அதற்கு மேலும் வேண்டுமெனில், எஞ்சின் அதே சுழற்சியில் ஓடும்போதே சக்கரங்களை வேகமாகச் சுழலச் செய்யும் கூடுதல் கியரான ஓவர்டிரைவைப் பொருத்தலாம். கூடும் வேகத்தை அடக்க, முன்சக்கர டிரம் பிரேக்குகளை டிஸ்க்காக மாற்றும் செலவை அதற்கு முன்பே செய்துவிடுங்கள்.