பெங்களூர்க் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டை வாசிப்பது எப்படி?

மடிவாளா சோமேஸ்வரர் கோயிலிலும் டொம்லூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. (பெயரைக் கேட்டுச் சிவன் கோயில் என்று நினைக்க வேண்டாம். டொம்லூரில் இருப்பவர் பெருமாள்.) அர்ச்சகரிடம் 'கல்வெட்டு' என்று கேட்டால் விழிப்பார், 'சாசனா எல்லிதெ?' (கல்வெட்டு எங்கே?) என்று கன்னடத்தில் கேளுங்கள்.

வேண்டியது ஒரு டார்ச், ஒரு ஃபோன், அளவுக்கு ஒரு ஸ்கேல். உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து எழும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். பக்கவாட்டு ஒளியில் நெடுக்குக் கோடுகள் தெரியும், கிடைக்கோடுகள் மறைந்துவிடும். மேலிருந்து அடித்தால் அப்படியே தலைகீழ். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு படமாவது எடுக்க வேண்டும். கீழிருந்து மட்டும் ஒளி பாய்ச்சாதீர்கள், படத்தில் பள்ளம் மேடாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். நீண்ட வரியைத் துண்டு துண்டாக எடுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழட்டும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்கக் கூடாது.

இனி எழுத்து. புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் 'காடு' என்பது 'கரடு' போலவும், 'திருமகள் போல' என்பது 'திருமகள பொல' என்றும் தெரியும். தொடங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். எழுத்துக்கூட்டி முன்னேறுவதைவிட, திரும்பத் திரும்ப வரும் வழக்கமான தொடர்களைப் பிடிப்பது எளிது. 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற கிரந்த எழுத்துத் தொடக்கத்தை முதலில் தேடுங்கள். அடுத்து மன்னனைப் புகழும் பகுதி 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்று வந்தால் முதலாம் ராஜராஜன், 'திருமன்னி வளர இருநில மடந்தையும்' என்று வந்தால் முதலாம் ராஜேந்திரன். முடிவில் 'சந்திராதித்தவரை' (சந்திரனும் சூரியனும் உள்ளவரை), கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவம் போன்ற தொடர்கள் வரும். இரண்டு முனையும் கிடைத்துவிட்டால், நடுவில் நிலம், ஏரி, எல்லை, கொடுத்தவர் பெயர்தான் மிச்சம்.

'யாண்டு' (ஆட்சியாண்டு) என்ற சொல்லுக்குப் பின் வரும் 'க', 'உ' எழுத்தல்ல, 1, 2 என்ற எண்கள். ௰ என்றால் பத்து. ௨௰௩ என்பது 23. ஆட்சியாண்டில் முதல் ஆண்டையும் சேர்த்து எண்ண வேண்டும்: 1012-இல் தொடங்கிய ராஜேந்திரனின் 10-ஆம் ஆண்டு 1021–22. சக ஆண்டானால் கி.பி. ஆண்டாக்க 78 கூட்டுங்கள், தை முதல் பங்குனி வரை என்றால் 79.

உங்கள் வாசிப்பைச் சரிபார்க்க பி. எல். ரைஸ் பதிப்பித்த 'எபிகிராஃபியா கர்னாடிகா' என்ற கல்வெட்டுத் தொகுப்பின் 9-ஆம் தொகுதி (1905) இருக்கிறது. தாலுகாவாரியாக எண்ணிட்டிருப்பார்கள். அதை முதலில் பார்த்துவிட்டுப் போனால் கல்லில் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும், ஆகவே உங்கள் படியை எழுதி முடித்த பிறகே திறங்கள்.