ஊர்ப் படிப்பகத்துப் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்குவது எப்படி?

உசிலம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர் என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், ஒரு மன்றத்திலோ பள்ளியிலோ நாலைந்து பீரோ நிறையப் புத்தகம் இருக்கும். பெரும்பாலும் நன்கொடையாக வந்தவை. உயரம் பார்த்து அடுக்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் வந்த வரிசையிலேயே கிடக்கும். யாராவது ஒரு புத்தகம் கேட்டால், அதை வைத்தவர்தான் வந்து எடுத்துத் தர வேண்டும். அப்படி ஐந்நூறு, ஆயிரம் புத்தகங்களை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூலகவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பென்சில், வெள்ளை ஸ்டிக்கர், ஒரு நோட்டு போதும்.

படி 1: பத்து வகுப்புகள்

உலகில் மிகப் பரவலாகப் பயன்படுவது டியூயி தசமப் பகுப்பு முறை. அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876ல் வெளியிட்டது. எல்லாத் துறைகளையும் அவர் பத்தாகப் பிரித்தார். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்:

000 பொது, கணினி
100 தத்துவம், உளவியல்
200 சமயம்
300 சமூக அறிவியல் (அரசியல், சட்டம், கல்வி, நாட்டுப்புற வழக்கு)
400 மொழி
500 அறிவியல், கணிதம்
600 தொழில்நுட்பம் (மருத்துவம், விவசாயம், சமையல்)
700 கலை, விளையாட்டு
800 இலக்கியம்
900 வரலாறு, புவியியல், வாழ்க்கை வரலாறு

இவை ஒவ்வொன்றும் மறுபடி பத்தாகப் பிரியும், அதுவும் பத்தாகப் பிரியும். 600ல் 630 விவசாயம், அதற்குள் 635 தோட்டப்பயிர், அதற்குள் 635.9 பூச்செடிகள். மதுரை மல்லி சாகுபடிக் கையேடு கையில் கிடைத்தால் அதன் இடம் 635.9.

படி 2: எண்ணைத் தேடாதீர்கள், முதலில் ஒரு வரி எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எண்ணைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. புத்தகம் எதைப் பற்றியது என்று முடிவெடுப்பதுதான் வேலை. தலைப்பை நம்ப முடியாது. அட்டையில் மல்லிகை என்று இருக்கும், உள்ளே பார்த்தால் கவிதை. பொருளடக்கம், முன்னுரை, பின்னட்டை மூன்றையும் புரட்டிவிட்டு, 'இது இன்னதைப் பற்றி, இந்தக் கோணத்தில்' என்று நோட்டில் ஒரே வரியாக எழுதுங்கள்.

கோணம் ஏன் முக்கியம்? டியூயி முறை பொருளை வைத்து அடுக்குவதில்லை, துறையை வைத்து அடுக்குகிறது. மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றி மூன்று புத்தகங்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தலபுராணமும் வழிபாட்டு முறையும் சொல்லும் புத்தகம் இந்து சமயத்துக்கு, 294.5க்குப் போகும். கோபுரங்களையும் மண்டபங்களையும் கட்டடக்கலையாக ஆராயும் புத்தகம் 726க்கு. கோயில் வீதியில் நடக்கும் நாவல் என்றால் தமிழ் இலக்கியத்துக்கு. ஒரே கோயில், மூன்று ரேக். ஜல்லிக்கட்டும் அப்படித்தான். காளை வளர்ப்பு 636.2, வாடிவாசலில் நடக்கும் விளையாட்டு 791.8, வழக்கு விவகாரம் சட்டத்தின் 340கள். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். கட்டடக்கலை படிக்கும் மாணவருக்கு இது வசதி, மதுரையைப் பற்றி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வருபவருக்கு இல்லை. அதற்கான வழியைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

இந்த ஒரு வரியை எழுதுவதற்கு நம் ஊர்க்காரர் ஒருவர் நல்ல வழி சொல்லியிருக்கிறார். சீர்காழியில் 1892ல் பிறந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். லண்டனில் ஒரு கடையில் துண்டுகளைக் கோத்து விதவிதமாகச் செய்யும் மெக்கானோ பொம்மையைப் பார்த்ததிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது. 1933ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். எந்தப் பொருளையும் ஐந்து முகங்களாகப் பிரிக்கலாம் என்பது அவர் கண்ட வழி: மையப் பொருள், அது எதனால் ஆனது, அதில் என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. '1990களில் மதுரை மாவட்டத்தில் நெற்பயிரின் நோய்த் தடுப்பு' என்று ஒரு புத்தகம் வந்தால், நெல், நோய்த் தடுப்பு, மதுரை, 1990கள் என்று பிரித்து எழுதுங்கள். ஐந்தும் எல்லாப் புத்தகத்திலும் இருக்காது. எண் டியூயி முறையில் போட்டாலும், யோசிப்பதை ரங்கநாதன் முறையில் யோசியுங்கள் என்பேன்.

படி 3: இரண்டு பொருள் இருந்தால்

டியூயி முறையிலேயே இதற்கு விதிகள் இருக்கின்றன. எதைப் பற்றி அதிகம் பேசுகிறதோ அங்கே வையுங்கள். இரண்டும் சரிபாதி என்றால் வரிசையில் முன்னால் வரும் எண். ஒரே துறையின் மூன்று, நாலு பிரிவுகளைப் பேசினால் அந்தத் துறையின் பொது எண். ஒன்று இன்னொன்றில் பயன்படுகிறது என்றால், எதில் பயன்படுகிறதோ அதில்: விவசாயத்துக்குக் கணினியைப் பயன்படுத்துவது பற்றிய புத்தகம் விவசாயத்தில்தான் நிற்க வேண்டும்.

படி 4: எத்தனை இலக்கம்?

தமிழ்நாட்டுச் சமையலுக்கு முழுசாகப் போனால் 641.595482 என்று வரும். பெரிய நூலகத்துக்கு அது தேவை. நாலு சமையல் புத்தகம் இருக்கும் படிப்பகத்துக்கு 641.5 போதும். பொதுவாக மூன்று இலக்கத்தோடு, மிஞ்சிப்போனால் புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புத்தகம் குவியும் இடத்தில் மட்டும் நீட்டுங்கள்.

நம் ஊரில் அப்படிக் குவியும் இடங்கள் இரண்டு. ஒன்று சமயம். டியூயி 200களில் பெரும்பகுதியைக் கிறித்தவத்துக்கே கொடுத்துவிட்டு, மற்ற எல்லாச் சமயங்களையும் 290களில் திணித்துவிட்டார். அதனால் 294.5 வழிந்துவிடும், சைவத்தை 294.5513, வைணவத்தை 294.5512 என்று பிரித்தே ஆக வேண்டும். இன்னொன்று தமிழ் இலக்கியம், 894.811. அதன் பின்னால் ஒரு இலக்கம் சேர்த்தால் வடிவம் வந்துவிடும்: கவிதை 1, நாடகம் 2, கதை 3, கட்டுரை 4. ஆக, தமிழ் நாவல் 894.8113.

மொழிபெயர்ப்புகளில் ஒன்றைக் கவனியுங்கள். இலக்கியத்தில் கணக்கு மூலமொழிதான். பழைய மாஸ்கோ பதிப்புகள் எல்லாருடைய வீட்டிலிருந்தும் நன்கொடையாக வரும். ரஷ்ய நாவல் தமிழில் இருந்தாலும் அதன் எண் 891.73.

எண் தெரியாமல் முழித்தால், சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கோ, நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ ஒரு நடை போய், அதே மாதிரிப் புத்தகத்தின் முதுகில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

படி 5: ஒட்டுவதும் அடுக்குவதும்

பகுப்பெண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்து. தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் 'மு'விலும் 'கு'விலும் போய் நிற்பார்கள். நாவல்களுக்கு எண்ணே வேண்டாம், 'நா' என்று போட்டு ஆசிரியர் வரிசையில் வைத்தாலும் தப்பில்லை.

எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்னால் பென்சிலில் எழுதிவிடுங்கள். ஸ்டிக்கர் உதிர்ந்தாலும் கவலையில்லை. முதுகே இல்லாத மெல்லிய புத்தகங்களுக்கு முன்னட்டையின் இடது கீழ்மூலையில் ஒட்டலாம்.

அடுக்கும்போது புள்ளிக்குப் பின்னால் வருவதை ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க வேண்டும். 641.35 முன்னால், 641.5 பின்னால். முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியது என்று எண்ணிக் குழம்புபவர்கள் நிறைய. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். அடுத்த நன்கொடைப் பெட்டி எப்படியும் வரும்.

ஒரு விதிவிலக்கு. போட்டித் தேர்வுப் புத்தகங்களைப் பொருள்வாரியாகச் சிதறடிக்காதீர்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க வருபவர் ரேக் ரேக்காக அலைய மாட்டார், தனி ரேக் போடுங்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது 1931ல் ரங்கநாதன் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது.

படி 6: பட்டியல்

எக்செல்லோ நோட்டோ, எதிலானாலும் சரி: வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பகுப்பெண். அப்புறம் 'வேறு பொருள்கள்' என்று ஒரு பத்தி. படி 2ல் எழுதிய வரியில் எண்ணுக்குள் அடங்காமல் போன சொற்களையெல்லாம் இதில் போடுங்கள். சிதறும் பொருள்களை ஒன்றுசேர்க்க டியூயியே தன் முறையோடு ஒரு அகரவரிசைச் சுட்டி கொடுத்திருந்தார். உங்கள் பட்டியலில் அந்த வேலையை இந்தப் பத்தி செய்யும். 'ஜல்லிக்கட்டு' என்று தேடினால் 636.2, 791.8 இரண்டும் வந்துவிடும். 'மதுரை' என்று தேடினால் நாவல், தலபுராணம், கோபுரப் புத்தகம் எல்லாம் வரும்.